நிழலும் வாழ்வும்: ரமணர் நிழற்படத்தை முன்வைத்துச் சில சிந்தனைகள்

பொதுவாழ்வில் பெயர் பெற்ற ஒருவர் மறைந்ததும் அவரைச் சார்ந்தோர் முன்னே எழுகின்ற முதற் கேள்விகளுள் ஒன்று, எந்தப் படத்தை வைப்பது என்பதாகும். இரங்கல் சுவரொட்டிக்கு ஒரு படம் வேண்டும். நினைவு மலரின் அட்டைக்கும், அவர் பெயரில் அமையும் நிறுவனத்தின் சுவருக்கும் படம் வேண்டும். துயரத்தின் அவசரத்தில் கைக்குக் கிடைத்ததை எடுத்துக் கொடுக்கிறார்கள், அதுவே நிலைத்துவிடுகிறது. அவரைக் கண்டறியாத தலைமுறைக்கு அம்மனிதர் அந்தப் படமாகவே இருக்கிறார். எழுபதாண்டு வாழ்வு, ஒரு நொடியின் சிறு பகுதியில் பதிந்த ஒளிக்குள் சுருங்கிவிடுகின்றது. ஆகவே படத்தேர்வை அலங்காரம் சார்ந்த சிறு செய்தியாகக் கொள்ளாமல், ஒரு வாழ்வின் மீது வழங்கப்படும் தீர்ப்பாகக் கருதி ஆராய்வது தகும் என எண்ணுகிறோம்.

இவ்வாராய்ச்சிக்கு மிகப் பொருத்தமான சான்று திருவண்ணாமலையில் இருக்கின்றது. செங்கம் சாலையில் ரமணாசிரமத்தை ஒட்டிய பகுதியில் நடந்து செல்வோர் எவரும் ஒரு முகத்தைக் காணாமல் செல்ல இயலாது. புத்தகக் கடைகளிலும் தேநீர்க் கடைகளிலும் தங்கும் விடுதிகளிலும், சட்டைப்பையில் அடங்கும் அட்டை முதல் சுவரளவு படம் வரை, அதே முகம். குறுக வெட்டிய வெண்முடி, வெண்தாடி, ஆடையற்ற தோள்கள், உதட்டில் தொடங்கிக் கண்ணில் முடிகின்ற மென்னகை, பார்ப்பவரை நேரே நோக்கும் விழிகள். பெங்களூரைச் சார்ந்த நிழற்படக் கலைஞர் ஜி.ஜி. வெல்லிங் 1940களின் பிற்பகுதியில் எடுத்த மார்பளவுப் படம் அது. இன்று உலகெங்கும் ரமணர் என்றால் மனக்கண்ணில் தோன்றுவது பெரும்பாலும் இந்தப் படமே.

கலைத்திறன் என்ற அளவில் அதன் சிறப்பை மறுப்பதற்கில்லை. நம் வினா வேறு. இந்தப் படம் ஒரு முழு வாழ்வைச் சுமக்கிறதா? சுமக்கவில்லையெனில் எதைச் சொல்கிறது, எதை விடுகிறது?

படத்தில் இல்லாதவை

திருச்சுழியில் 1879 டிசம்பர் 30 அன்று பிறந்த வேங்கடராமன், மதுரையில் பள்ளி மாணவராக இருந்தபோது 1896இல் மரண அச்சம் ஒன்றுக்கு ஆட்பட்டு, அதன் விளைவாக வீட்டை விட்டுப் புறப்பட்டு, அவ்வாண்டு செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது பதினாறு. அதன் பின் ஐம்பத்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் அவ்வூரை விட்டு அவர் நீங்கவில்லை. தொடக்கத்தில் கோயிலின் பாதாள லிங்கக் குகையில் பூச்சிகள் உடலை அரிப்பதையும் உணராது கிடந்தவர். 1899 முதல் 1916 வரை விரூபாட்ச குகையிலும், பின்னர் 1922 வரை கந்தாசிரமத்திலும் மலைமேல் வாழ்ந்தவர். 1922 மே மாதம் தாயார் மறைந்த பின் மலையடிவாரத்தில் அவரது அடக்கத்தலத்தருகே தங்கியவர். அவ்விடமே ஆசிரமமாக வளர்ந்தது. ஆண்டுக்கணக்கில் விடியற்காலையில் சமையற்கட்டில் அமர்ந்து காய்கறி நறுக்கியவர், அரைத்தவர், சமைத்தவர். ஏடுகளைத் தைத்தவர், அச்சுப்படிகளைத் திருத்தியவர். இறுதியில் இடக்கையில் தோன்றிய புற்றுக்கட்டிக்காகப் பலமுறை அறுவை சிகிச்சைக்கு உள்ளாகி, 1950 ஏப்ரல் 14 இரவு மறைந்தவர்.

இவ்வாழ்வின் பல கட்டங்களுக்கும் படங்கள் இல்லாமல் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுக்கப்பட்ட படங்களில் கருந்தலையும் இளந்தேகமும் கொண்ட, சிரிப்பறியாத இளைஞர் ஒருவர் இருக்கிறார். கைத்தடியும் கமண்டலமுமாக மலைப்பாதையில் நடக்கும் படங்கள் உள்ளன. பசு லட்சுமியோடு நிற்பவையும், அடியார் குழுவின் நடுவே அமர்ந்திருப்பவையும் உள்ளன. சென்னை மருத்துவர் டி.என். கிருஷ்ணசாமி பல ஆண்டுகள் வந்துபோய் எடுத்த படங்கள் ஏராளம். அமெரிக்காவின் லைஃப் இதழ் 1949 மே மாதம் வெளியிட்ட கட்டுரைக்காக எலியட் எலிசோஃபன் எடுத்தவை உண்டு. பிரெஞ்சுக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே பிரெஸோன் 1950 ஏப்ரலில் அங்கிருந்து, ரமணரின் இறுதி நாட்களையும் மறைவுக்குப் பின் கூடிய மக்களையும் பதிவு செய்தார். அவருடைய படங்களில் மெலிந்து தளர்ந்த ஒரு நோயாளியின் உடல் இருக்கிறது.

இவை அத்தனையும் இருக்க, வெல்லிங் படம் மட்டும் எவ்வாறு மற்றவற்றை முந்தியது?

தேர்வின் காரணங்கள்

மூன்று காரணங்கள் நமக்குப் புலப்படுகின்றன. முதலாவது, அதில் இடமும் காலமும் இல்லை. குகையோ மலையோ மண்டபமோ பின்னணியில் தெரியவில்லை. துணியும் இல்லாத தோள் எந்த ஆண்டையும் காட்டிக் கொடுப்பதில்லை. சூழல் நீங்கிய முகம் எவ்வூர்ச் சுவரிலும் பொருந்தும். இரண்டாவது, மார்பளவோடு நின்றதால் நோயுற்ற கை, மூட்டுவலியால் தளர்ந்த கால், கோவணம் மட்டுமே அணிந்த எளிய தேகம் ஆகிய எதுவும் கண்ணை இடறுவதில்லை. மூன்றாவதே முதன்மையானது: அப்படம் பார்க்கிறது. ரமணர் பெரும்பாலும் பேசாதிருந்தவர். அவரிடம் சென்று வந்தவர்கள் எழுதியவற்றுள் மிகுதியும் இடம்பெறுவது அவரது பார்வை. பால் பிரண்டன் 1934இல் வெளியிட்ட பயண நூலால் மேலைநாட்டார் அறிந்ததும் அந்த மௌனத்தையும் பார்வையையுமே. சைவ மரபில் நயன தீட்சை என்றொரு சொல் உண்டு. நேரில் அமர்ந்து பெற்றதாக அடியார்கள் கூறிய அந்த நோக்கை, அவர் மறைந்த பின் அட்டையளவில் கொடுக்க வல்லதாக இப்படம் அமைந்தது. ஆகவே இது தற்செயலான தேர்வன்று. அடியார் உள்ளம் தான் இழந்தது எதுவோ அதனையே தேர்ந்தெடுத்துக் கொண்டது.

இந்த இடத்தில்தான் நம் விமரிசனமும் தொடங்குகிறது. பார்க்கின்றவனுக்கு என்ன கிடைத்தது என்பதை இப்படம் சொல்கிறது. பார்க்கப்பட்டவர் எவ்வாறு வாழ்ந்தார் என்பதை அது சொல்லவில்லை. பதினாறு வயதுப் பையன் ஒருவன் எதைக் கண்டு அஞ்சினான், இருபதாண்டு குகைவாசம் என்ன விலை கேட்டது, புகழ் வந்தபின் அதனை எவ்வாறு தாங்கினார், வலியை எவ்வாறு எதிர்கொண்டார் என்பனவெல்லாம் முடிந்துபோன ஒரு சாந்தத்திற்குள் மறைந்துவிடுகின்றன. கனியை மட்டும் காட்டி மரத்தை மறைப்பது போன்றது இது. இளைஞன் ஒருவன் அப்படத்தை நோக்கும்போது, அத்தகைய முகம் சிலருக்குப் பிறவியிலேயே வாய்க்கும் போலும் என்று எண்ணிவிட்டுப் போகிறான். இன்னொரு முரணும் உண்டு. 'நான் யார்?' என்ற சிறுநூல் வாயிலாக, இவ்வுடல் நானல்லன் என்ற விசாரணையையே தம் போதனையின் அடிப்படையாக வைத்தவர் அவர். அவரது நினைவோ உடலின் ஒரு பகுதியாகிய முகத்தின் மீதே நிலைகொண்டுள்ளது.

இது ரமணருக்கு மட்டும் நேர்ந்ததன்று. நம் கைகளில் நாள்தோறும் புழங்கும் ரூபாய்த் தாளில் புன்னகைக்கும் காந்தியடிகளின் முகம், 1946இல் அன்றைய வைசிராய் மாளிகையில் பிரிட்டிஷ் அமைச்சர் பெதிக் லாரன்ஸ் அருகில் அவர் நின்றபோது எடுக்கப்பட்ட படத்திலிருந்து வெட்டி எடுக்கப்பட்டது. எடுத்தவர் யாரென அறியப்படவில்லை. நாட்டின் விடுதலையும் பிரிவினையும் பேச்சுவார்த்தை மேசையில் இருந்த ஆண்டு அது. பக்கத்தில் நின்றவரை வெட்டியதும் அந்த ஆண்டும் வெட்டுண்டது. எஞ்சியது காலமற்ற புன்னகை. கவலையோடு நவகாளியில் நடந்த காந்தியும் அதே ஆண்டைச் சார்ந்தவர்தாம். ஆனால் அவர் தாளில் இல்லை.

அறிவு அழிந்த பின் எஞ்சும் உருவம்

உருவங்களைப் பற்றி நம் மார்க்கத்தின் நிலைப்பாடு வாசகர் அறிந்ததே. அதனை இங்கே விரிக்க வேண்டியதில்லை. பிற சமயத்தாரின் வழிபாட்டு மரபை நம் அளவுகோலால் அளப்பதும் நம் நோக்கமன்று. எனினும் உருவமும் நினைவும் எவ்வாறு உறவாடுகின்றன என்பதற்கு நம் மூலநூல்களில் கூர்மையான ஒரு விளக்கம் உண்டு. அது சமய எல்லைகளைக் கடந்து பயன்படக் கூடியது.

வத்து, ஸுவாஉ, யகூஸ், யஊக், நஸ்ர் ஆகிய பெயர்களைக் கூறும் நூஹ் அத்தியாய வசனத்திற்கு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அளித்த விளக்கம் புகாரியில் பதிவாகியுள்ளது. அப்பெயர்கள் நூஹ் (அலை) அவர்களின் சமூகத்தில் வாழ்ந்த நல்லோருடையவை. அவர்கள் மறைந்தபின் அவர்கள் அமர்ந்திருந்த இடங்களில் அவர்கள் பெயராலேயே உருவங்கள் நிறுவப்பட்டன. நிறுவிய தலைமுறை அவற்றை வணங்கவில்லை. அத்தலைமுறையும் மறைந்து, அறிவும் அழிந்த பின்னரே அவை வணக்கத்திற்குரியவையாயின என்பது அவ்விளக்கத்தின் சாரம். இதில் நாம் ஊன்றி நோக்க வேண்டியது கால வரிசை. உருவம் முதலில் நினைவுக்குத் துணையாக வருகிறது. அதனைச் சூழ்ந்திருந்த அறிவு நீங்கியதும், அதுவே நினைவின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. படத்தின் அபாயம் படத்தில் மட்டும் இல்லை. அதன் அருகிலிருந்து விலகிப்போகும் செய்தியிலும் இருக்கிறது.

நிழற்படக் கலை வந்தபோது உலமாக்களிடையே எழுந்த விவாதத்தையும் இங்கே நினைவு கூரலாம். 1914 முதல் 1920 வரை எகிப்தின் முஃப்தியாக இருந்த முஹம்மது பகீத் அல்முத்தீஈ அவர்கள், கருவியால் எடுக்கப்படும் படம் படைத்தலைப் போன்றதன்று, நிழலைப் பிடித்து நிறுத்துவதே என்று வாதிட்டு அதற்கு அனுமதி வழங்கினார்கள். இந்தியத் துணைக்கண்டத்தில் முஃப்தி முஹம்மது ஷஃபீ போன்றோர் அதனை ஏற்காது, தடை இதற்கும் பொருந்தும் எனத் தனிநூலே எழுதினார்கள். அச்சட்ட விவாதம் இருக்கட்டும். முத்தீஈ அவர்கள் ஆண்ட சொல் நம் தமிழ்ச் சொல்லோடு ஒத்துப்போவது வியப்பளிக்கிறது. தமிழும் அதனை நிழற்படம் என்றே அழைத்தது. நிழல் ஒருபோதும் பொய் சொல்வதில்லை. ஆனால் எந்நேரத்து நிழல் என்று சொல்லாவிடில் அது ஆளின் உயரத்தைத் தவறாகக் காட்டும். உச்சிவேளை நிழலும் மாலை நிழலும் ஒரே மனிதனுடையவைதாம்.

ஷமாயில் கற்பிக்கும் முறை

உருவத்தை விலக்கிய நம் மரபு, நினைவை விலக்கவில்லை. இமாம் திர்மிதி (ரஹ், மறைவு ஹிஜ்ரி 279) அவர்களின் ஷமாயில் ஐம்பதுக்கும் மேற்பட்ட அத்தியாயங்களில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் தோற்றத்தையும் பழக்கங்களையும் தொகுத்தளிக்கிறது. உயரம், முடி, நடை, காலணி, மோதிரம், உணவு, சிரிப்பு, அழுகை, உறக்கம், வயது, இறுதியில் மறைவு. தமிழறிந்த நாம் இதனைப் பாதாதிகேச வருணனையோடு ஒப்பிட்டு மகிழ்வதுண்டு. ஆனால் இரண்டும் ஒன்றன்று. வருணனையில் புலவர் ஒருவர் பேசுகிறார். ஷமாயிலில் கண்டவர்கள் பலர் பேசுகிறார்கள்; ஒவ்வொருவர் பெயரும் உடன் வருகிறது.

நரைமுடி பற்றிய அத்தியாயத்தையே எடுத்துக்கொள்வோம். பதினான்கு வெண்முடிகளுக்கு மேல் எண்ணவில்லை என்கிறார் அனஸ் (ரலி). ஏறத்தாழ இருபது என்கிறார் இப்னு உமர் (ரலி). தொகுத்தவர் இரண்டையும் அருகருகே வைக்கிறார். ஒன்றை நீக்கிப் படத்தைச் சீராக்க முனையவில்லை. பார்த்தவர் வேறு, பார்த்த நேரம் வேறு, ஆகவே எண்ணிக்கையும் வேறு. இதனால் அப்பெருவாழ்வு ஒரே தோற்றத்தில் உறைந்து போகாமல், அசைவோடும் காலத்தோடும் நம்மை வந்தடைகிறது. பதினேழாம் நூற்றாண்டில் உதுமானிய எழுத்தணிக் கலைஞர் ஹாஃபிஸ் உஸ்மான் (1642-1698) 'ஹில்யா' என்ற வடிவத்தை நிலைபெறச் செய்து, சுவரில் தொங்கவிடத்தக்க அழகோடு இவ்வருணனையை எழுதியபோதும், அங்கே மாட்டப்பட்டது அறிவிப்பே, முகமன்று.

இன்னொரு செய்தியும் உண்டு. மரணப் படுக்கையில் அம்ருப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள், நபியவர்களை வருணிக்கும்படி தம்மைக் கேட்டால் தம்மால் இயலாது. மரியாதையின் மிகுதியால் கண்ணாரக் கண்டதே இல்லை என்று கூறியதாக முஸ்லிமில் காண்கிறோம். காணாமையும் ஒரு சாட்சியமாகப் பதிவாகிறது. எந்த நிழற்படத்தாலும் இதனைத் தர இயலாது.

ரமணாசிரமத்திலும் இதற்கு ஒப்பான ஒரு செல்வம் இருப்பதை நடுநிலையோடு சொல்ல வேண்டும். முனகால வேங்கடராமையா 1935 முதல் 1939 வரை குறித்து வைத்த உரையாடல்கள், தேவராஜ முதலியார் 1945 முதல் 1947 வரை எழுதிய நாட்குறிப்பு, சூரி நாகம்மா 1945 முதல் தெலுங்கில் எழுதிய கடிதங்கள் ஆகியவை நாளும் நேரமும் குறித்து, கண்டவர் பெயரோடு நமக்குக் கிடைக்கின்றன. அவற்றில் அடியார்களோடு நகைச்சுவை பேசுகிறவரும், உணவு வீணாவதைக் கடிந்துகொள்கிறவரும், தமக்கெனத் தனிச் சலுகையை மறுக்கிறவருமான மனிதர் நடமாடுகிறார். அவர் இருபதாண்டுகளுக்கு மேல் அமர்ந்திருந்த பழைய கூடத்துச் சாய்மஞ்சத்தில் இன்று அவரது படமே இருக்கிறது. வருவோருள் பலர் படத்தைக் கண்டு செல்கின்றனர். சிலர் கடிதங்களைப் படித்துவிட்டுச் செல்கின்றனர். இவ்விரு சாராரும் அறிந்து செல்லும் ரமணர் ஒருவரல்லர்.

நம் வீட்டுச் சுவர்

பிறர் படத்தை ஆராய்ந்த நாம் நம் சுவரையும் நோக்க வேண்டும். கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் (1896-1972) அவர்களைச் சுவரொட்டிகளில் தொப்பியும் வெண்தாடியுமாகக் காண்கிறோம். அப்படம் ஒரு சமுதாயத் தலைவரைச் சொல்கிறது. ஒத்துழையாமை அழைப்பை ஏற்றுப் படிப்பைத் துறந்த மாணவரை அது சொல்லவில்லை. தோல் வணிகரைச் சொல்லவில்லை. 1949 செப்டம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எழுந்து, தொன்மையே அளவுகோலெனில் தமிழுக்கே ஆட்சிமொழியாகும் உரிமை உண்டென வாதிட்டவரையும், மலையாள நாட்டு மஞ்சேரி மக்களால் மும்முறை நாடாளுமன்றத்துக்கு அனுப்பப்பட்டவரையும் சொல்லவில்லை. பேய்க்கரும்பில் 2017 ஜூலை 27 அன்று திறக்கப்பட்ட அப்துல் கலாம் நினைவிடத்தில் வீணை மீட்டும் சிலையும் அதனருகே பகவத் கீதையும் வைக்கப்பட்டதும், விவாதம் எழுந்ததும், குடும்பத்தார் குர்ஆனையும் பைபிளையும் கொணர்ந்து வைத்ததும் நாம் அறிந்தவை. எந்த நூலை வைப்பது என்ற பூசலில், ஏவுகணைக் கூடத்தில் கழிந்த ஆண்டுகள் ஓரத்துக்குச் சென்றன. ஒரே உருவத்திற்குள் முழு வாழ்வையும் அடைக்க முற்படும்போது, எதை அடைப்பது என்ற சண்டை தவிர்க்க இயலாததாகிவிடுகிறது.

இதனினும் கவலை தருவது வேறொன்று. நம் அரபுக் கல்லூரிகளை நிறுவிய பெரியோருள் பலர் தம்மைப் படமெடுக்க இசைந்ததில்லை. அவர்கள் நினைவுக்கு நம்மிடம் இருப்பது சொல் மட்டுமே. அச்சொல்லை நாம் எவ்வாறு பேணுகிறோம்? பட்டமளிப்பு விழா மலர்களைப் புரட்டினால், அறிவுக்கடல், அறப்பேரொளி, பெருந்தகை என அடைமொழிகள் அணிவகுக்கின்றன. அவர் எவ்வூரில், எவரிடம், எந்நூலை ஓதினார், எந்த ஆண்டில் கல்லூரியைத் தொடங்கினார், முதலாண்டில் எத்தனை மாணவர், நன்கொடைக்காக எவ்வூர்களுக்கு நடந்தார், எதில் தோற்றார், எவரோடு கருத்து மாறுபட்டார் என்பனவற்றைத் தேடினால் கிடைப்பதில்லை. ஒருவர் பெயரை எடுத்துவிட்டு மற்றொருவர் பெயரை இட்டாலும் பத்தி பொருந்தும். உருவத்தை விலக்கினோம் என்று பெருமை கொள்ளும் நாம், சொல்லால் அதே மார்பளவுப் படத்தை எழுப்பியிருக்கிறோம். ஆண்டும் அறிவிப்பாளரும் இல்லாத புகழ்ச்சி, இடமும் காலமும் வெட்டப்பட்ட படத்திற்கு எவ்வகையிலும் மேலானதன்று. ஒவ்வொரு செய்திக்கும் ஸனது கேட்ட சமுதாயத்திற்கு இது பொருந்தாது.

செய்யத் தக்கவை எளியவையே. படம் வைப்போர் அதன் கீழே ஆண்டையும் இடத்தையும் எடுத்தவர் பெயரையும் எழுதட்டும். இயன்றவரை ஒன்றுக்குப் பதிலாக மூன்று வைக்கட்டும்: தேடிய வயது, உழைத்த வயது, தளர்ந்த வயது. உடன் நின்றவர்களை வெட்டாதிருக்கட்டும். எவரும் தனித்து வாழ்ந்ததில்லை. படம் வையாதோர், அவரிடம் ஓதியவர்களுள் உயிரோடிருக்கும் முதியோரிடம் இன்றே சென்று, கண்டதைக் கண்டபடி, சொன்னவர் பெயரோடும் நாளோடும் எழுதி வாங்கட்டும். இருவர் கூற்று மாறுபட்டால் இரண்டையும் பதியட்டும். இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடும் பொறுமையும் போதும்.

வெல்லிங் எடுத்த படம் இனியும் செங்கம் சாலையில் விற்கும். அதில் குற்றம் காண ஒன்றுமில்லை. அதன் பின்னால் நாளிட்ட கடிதங்களும் குறிப்புகளும் வேறு பல படங்களும் அழியாமல் காக்கப்பட்டுள்ளன. விரும்புகிறவர் அட்டையிலிருந்து வாழ்வை நோக்கித் திரும்பிச் செல்ல வழியிருக்கிறது. நம் பெரியோர் பலரைப் பொறுத்தவரை அவ்வழி இன்னும் அமைக்கப்படவில்லை. அவர்களைக் கண்ணால் கண்டவர்களோ ஆண்டுக்காண்டு குறைந்து வருகிறார்கள்.